வெடிச் சத்தத்தோடு முடியும் செய்திகள்

பொன்பரப்பி, மருதையாறு, மீன்சுருட்டி... அரியலூர், பெரம்பலூர் மண்ணில் அரசியலும் ஆயுதமும் மோதிய ஒவ்வொரு முறையும் செய்தியாளர்கள் வந்தார்கள். வந்த வேகத்திலேயே திரும்பியும் போனார்கள். சொல்லப்படாமல் போன மிச்சக் கதை என்ன?

கைப்பேசித் திரையில் படம் நடுங்குகிறது. ஓட்டு வீடுகள் வரிசையாக நிற்கும் தெரு. இளைஞர்கள் கும்பலாக ஓடி வருகிறார்கள். கற்கள் பறக்கின்றன, ஓடுகள் நொறுங்குகின்றன. எங்கிருந்தோ பெண்களின் அலறல். படம் பிடிப்பவரின் கையும் நிலையாக இல்லை. சில நொடிகளில் காட்சி முடிந்துவிடுகிறது.

2019 ஏப்ரல் 18, மக்களவைத் தேர்தலின் வாக்குப்பதிவு நாள். இடம், அரியலூர் மாவட்டம் செந்துறை வட்டத்திலுள்ள பொன்பரப்பி. சிதம்பரம் தொகுதியில் விடுதலைச் சிறுத்தைகள் கட்சித் தலைவர் தொல். திருமாவளவன் பானைச் சின்னத்தில் போட்டியிட்டார். ஊரில் ஒரு பானை உடைக்கப்பட்டதையொட்டி மூண்ட தகராறு, மாலைக்குள் தலித் மக்களின் வீடுகள் மீதான தாக்குதலாக முடிந்தது. தாக்கியவர்கள் பா.ம.க.வினரும் இந்து முன்னணியினரும் என்றது விடுதலைச் சிறுத்தைகள் கட்சி. முதலில் தாக்கப்பட்டது தங்கள் தரப்புதான் என்றது பா.ம.க. அன்றிரவே அந்தச் சிறிய காணொளி தமிழ்நாட்டின் எல்லாக் கைப்பேசிகளுக்கும் போய்ச் சேர்ந்தது. தொலைக்காட்சிகளில் விவாதம் அனல் பறந்தது. மறுவாக்குப்பதிவுக் கோரிக்கை எழுந்தது, அது ஏற்கப்படவில்லை. மே 23-ல் முடிவு வந்தபோது திருமாவளவன் 3,219 வாக்கு வித்தியாசத்தில் வென்றிருந்தார். கேமராக்கள் வேறு ஊருக்குப் போயிருந்தன.

அந்த நாளைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். தேர்தல் அறிவிக்கப்பட்டதும், உரிமம் பெற்ற துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வது இந்த நாட்டில் நெடுநாள் வழக்கம். துப்பாக்கியைப் பூட்டி வைத்தால் தேர்தல் அமைதியாக நடக்கும் என்பது அதன் பின்னுள்ள நம்பிக்கை. பொன்பரப்பியில் அன்று துப்பாக்கி எதுவும் தேவைப்படவில்லை. கல்லும் கட்டையும் போதுமானவையாக இருந்தன. புதுக்கோட்டை மாவட்டம் பொன்னமராவதியில் கூட்டத்தைத் திரட்ட அதுகூடத் தேவைப்படவில்லை. ஒரு சமூகத்துப் பெண்களை இழிவாகப் பேசிய வாட்ஸ்அப் ஆடியோ ஒன்று ஆயிரக்கணக்கானோரைத் தெருவுக்கு இழுத்தது. 144 தடை உத்தரவு போட வேண்டிய நிலை வந்தது.

ஆயுதத்துக்குச் சட்டம் இருக்கிறது. ஆயுதத்தைப் பற்றிய செய்திக்கு என்ன ஒழுங்கு இருக்கிறது?

ஒரே ஆண்டில் பிறந்த இரு சட்டங்கள்

ஆயுதத்துக்கும் செய்திக்குமான உறவு இங்கே பழையது. 1878-ல் வைஸ்ராய் லிட்டன் இரண்டு சட்டங்களைக் கொண்டுவந்தார். ஒன்று, இந்தியர்கள் உரிமம் இல்லாமல் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்ற ஆயுதச் சட்டம். மற்றொன்று, இந்திய மொழி இதழ்களுக்கு வாய்ப்பூட்டு போட்ட தாய்மொழிப் பத்திரிகைச் சட்டம். ஆயுதச் சட்டத்தில் ஐரோப்பியர்களுக்கு விலக்கு இருந்தது. பத்திரிகைச் சட்டத்தில் ஆங்கில இதழ்களுக்கு விலக்கு இருந்தது. நாட்டு மக்களின் கையிலிருக்கும் துப்பாக்கி, நாட்டு மொழியில் அச்சாகும் தாள் இரண்டையும் கண்டு அரசு ஒரே அளவுக்கு அஞ்சியது. பத்திரிகைச் சட்டத்தை ரிப்பன் பிரபு சில ஆண்டுகளிலேயே நீக்கினார். ஆயுதச் சட்டம் விடுதலைக்குப் பிறகும் தொடர்ந்து, 1959-ல்தான் புதிய வடிவம் பெற்றது.

■ பெட்டிச் செய்தி: துப்பாக்கிச் சட்டம் கடந்து வந்த பாதை

• 1878: ஆங்கிலேயர் காலத்து ஆயுதச் சட்டம்.

• 1959: சுதந்திர இந்தியாவின் ஆயுதச் சட்டம். 1962 முதல் நடைமுறை. மாவட்டங்களில் சாதாரணத் துப்பாக்கிகளுக்கு உரிமம் வழங்கும் அதிகாரம் ஆட்சியரிடம்.

• 1988: பஞ்சாப் வன்முறைப் பின்னணியில் திருத்தம். தடை செய்யப்பட்ட ஆயுதத்தைப் பயன்படுத்தி மரணம் விளைவித்தால் கட்டாய மரண தண்டனை என்ற 27(3) பிரிவு சேர்ப்பு.

• 2012: அந்தப் பிரிவு அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

• 2016: புதிய ஆயுத விதிகள்.

• 2019: ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைப்பு.

1987: மருதையாறு முதல் பொன்பரப்பி வரை

எண்பதுகளின் தொடக்கத்தில் ஈழப் போராளிக் குழுக்களின் துப்பாக்கிகள் தமிழ்நாட்டுத் தெருக்களில் வெளிப்படையாகவே உலவின. 1982 மே மாதம் சென்னை பாண்டி பஜாரில் பிரபாகரனும் உமா மகேஸ்வரனும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். ஆயுதச் சட்டம் ஏட்டில் இருந்தது. அரசும் மக்களும் பத்திரிகைகளும் அனுதாபக் கண்ணோடு பார்த்தார்கள். 1986 தீபாவளியன்று சூளைமேட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் உள்ளூர் இளைஞர் ஒருவர் இறந்ததும் காற்று மாறியது. அடுத்த வாரமே, நவம்பர் 8-ம் தேதி, போராளிக் குழுக்களின் ஆயுதங்களைத் தமிழ்நாடு போலீஸ் பறிமுதல் செய்தது.

அந்தக் காலகட்டத்தில்தான் அன்றைய திருச்சி மாவட்டத்தின் வடகோடியில் வேறொரு கதை நடந்துகொண்டிருந்தது. பெரம்பலூரும் அரியலூரும் அப்போது தனி மாவட்டங்கள் இல்லை. பொறியியல் படிப்பைப் பாதியில் விட்டு நக்சல்பாரி இயக்கத்துக்கு வந்த தமிழரசன், அந்த இயக்கத்தைச் சேர்ந்த புலவர் கலியபெருமாளோடு பணியாற்றி, பின்பு தமிழ்நாடு விடுதலைப் படையைக் கட்டினார். 1987 மார்ச் 15-ம் தேதி அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலத்தில் குண்டு வெடித்தது. மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து 20-க்கும் மேற்பட்ட பயணிகள் உயிரிழந்தார்கள். முன்கூட்டியே எச்சரிக்கை கொடுத்ததாகவும் ரயில் நிறுத்தப்படவில்லை என்றும் இயக்கத்தினர் பின்னாளில் சொன்னார்கள். இறந்தவர்களுக்கு அந்த விளக்கத்தால் ஆகப்போவது எதுவுமில்லை. எந்தக் கொள்கைக்காகவும் அந்தச் சாவுகளை நியாயப்படுத்த முடியாது.

இதே மருதையாற்றில் 1956 நவம்பரில் வெள்ளம் பாலத்தைப் பெயர்த்து, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து 140-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பொறுப்பேற்று ரயில்வே அமைச்சர் பதவியைத் துறந்தார் லால் பகதூர் சாஸ்திரி. ஒரு செய்தி 'யார் பொறுப்பு' என்ற கேள்விவரை போனதால் அது வரலாறாக நிலைத்தது. 1987-ன் செய்தி குண்டோடு நின்றது. பாதுகாப்பு ஏற்பாடுகளில் எங்கே ஓட்டை, இறந்தவர்களின் குடும்பங்கள் என்ன ஆயின என்ற கேள்விகள் பொது நினைவில் தங்கவில்லை.

அதே ஆண்டு செப்டம்பர் 1. பொன்பரப்பி ஸ்டேட் வங்கிக் கிளையில் கொள்ளையடிக்க வந்த தமிழரசனும் தோழர்கள் நால்வரும் கூட்டத்தால் அடித்துக் கொல்லப்பட்டார்கள். கொள்ளையர்களைப் பொதுமக்கள் அடித்துக் கொன்றார்கள் என்பது அன்று வந்த செய்தி. கையில் ஆயுதம் இருந்தும் மக்களை நோக்கிச் சுட மறுத்ததால்தான் செத்தார்கள் என்பது அவருடைய ஆதரவாளர்கள் சொல்லும் வரலாறு. கூட்டத்துக்குள் சாதாரண உடையில் போலீஸ் இருந்தது என்பது அவர்களின் குற்றச்சாட்டு. ஐந்து பேர் பட்டப்பகலில் ஊர் நடுவே அடித்துக் கொல்லப்பட்டதைப் பற்றி மூன்று வகைக் கூற்றுகள் இத்தனை ஆண்டுகளாக ஒன்றையொன்று சந்திக்காமலே வாழ்கின்றன. சம்பவத்தை நேரில் கண்ட ஒரு தலைமுறை முதுமையடைந்துவிட்டது. அவர்களிடம் நிதானமாக உட்கார்ந்து கேட்டுப் பதிவு செய்யும் வேலையைப் பெரிய ஊடகங்கள் தங்கள் கடமையாக எடுத்துக்கொள்ளவில்லை.

இன்னொரு இழப்பும் இதில் உண்டு. ஜெயங்கொண்டம் அருகே மீன்சுருட்டியில் 1985-ல் தமிழரசன் முன்வைத்த அறிக்கை சாதி ஒழிப்பைப் பற்றியது. சாதியை ஒழிக்காமல் எந்த விடுதலையும் இல்லை என்று வாதிட்ட ஆவணம் அது. அவருடைய ஆயுதப் பாதையை முழுமையாக மறுப்பவர்களும் விவாதித்திருக்க வேண்டிய உள்ளடக்கம். குண்டு எல்லோருக்கும் தெரிந்தது. அறிக்கை சிறு குழுக்களுக்குள் முடங்கியது. அந்த விவாதம் நடக்காத மண்ணில்தான், அதே பொன்பரப்பியில், 32 ஆண்டுகளுக்குப் பின் சாதியின் பெயரால் வீடுகள் நொறுங்கின.

மரங்கள் தெரிந்தன, மனிதர்கள் தெரியவில்லை

பொன்பரப்பிச் சம்பவம் நடந்து இரண்டே வாரத்தில், 1987 செப்டம்பர் 17 முதல் ஒரு வாரம், வன்னியர் சங்கம் இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடத்தியது. வட மாவட்டங்கள் ஸ்தம்பித்தன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டிலும் தாக்குதலிலும் 21 பேர் உயிரிழந்தார்கள். அதே வாரத்தில் பல கிராமங்களில் தலித் குடிசைகள் எரிந்தன. அந்த வாரத்தின் பிம்பமாக நிலைத்ததோ சாலையில் வெட்டிச் சாய்க்கப்பட்ட மரங்கள். சுட உத்தரவிட்டது யார், எந்தச் சூழலில் சுட்டார்கள், குடிசைகளை எரித்தவர்கள் மீது நடவடிக்கை உண்டா என்ற கேள்விகளை மரங்கள் மறைத்துக்கொண்டன.

விளைவு? ஒரு சமூகத்துக்கே 'மரம் வெட்டிகள்' என்ற வசைச் சொல் ஒட்டிக்கொண்டது. குடிசை இழந்தவர்களின் கணக்கு எவர் நினைவிலும் இல்லை. 1989-ல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 சதவிகித இடஒதுக்கீடு வந்தது. விழுப்புரத்தில் 21 பேருக்கு மணிமண்டபம் எழுந்தது. இரண்டு ஏழைச் சமூகங்களும் ஒன்றையொன்று சந்தேகத்தோடு பார்க்கும் பழக்கம் மட்டும் மாறவில்லை. பாதி மட்டும் சொல்லப்பட்ட செய்தி, இரண்டு தரப்பிலும் தனித்தனி மனக்காயமாக வளர்ந்தது.

ஓரங்குலக் கைதுகள்

மாவட்டப் பக்கத்தின் மூலையில் அடிக்கடி ஒரு துண்டுச் செய்தி வரும். உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தவர் கைது, துப்பாக்கி பறிமுதல். நான்கு வரி. பெரம்பலூர் மாவட்டத்தில் எறையூர், மலையப்பநகர் போன்ற இடங்களில் நரிக்குறவர் குடியிருப்புகள் உள்ளன. மருந்து இடித்து, பால்ரஸ் போட்டு, காடை கவுதாரி சுடும் நாட்டுத் துப்பாக்கி அந்த மக்களின் வாழ்க்கைக் கருவியாக இருந்தது. 1972-ன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்தது. தடை தேவையானதுதான். வேட்டை போன பிறகு அவர்கள் எதைச் செய்து பிழைப்பது என்ற கேள்விக்கு அரசு உருப்படியான பதில் சொல்லவில்லை. பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் கோரிக்கையே பல பத்தாண்டுகள் கழித்து, 2023 ஜனவரியில்தான் சட்டமாக நிறைவேறியது.

இந்தக் கதையின் எந்தப் பகுதியும் அந்த நான்கு வரியில் வராது. போலீஸ் கொடுக்கும் குறிப்பு அப்படியே அச்சாகும். தாலுகா நிருபரைக் குறை சொல்லிப் பயனில்லை. பெரும்பாலும் அவர் பகுதிநேரக்காரர். அனுப்பும் செய்திக்குக் கிடைக்கும் தொகை பெட்ரோலுக்குக்கூடப் போதாது. விளம்பரமும் அவர்தான் பிடிக்க வேண்டும். காவல் நிலையத்தைப் பகைத்துக்கொண்டால் அடுத்த நாள் செய்தி கிடைக்காது. ஆகவே எஃப்.ஐ.ஆரின் மொழியே செய்தியின் மொழியாகிவிடுகிறது. 'இரு தரப்பினரிடையே மோதல்' என்ற மூன்று சொற்களுக்குள் அடித்தவரும் அடிபட்டவரும் ஒன்றாகிவிடுகிறார்கள்.

நிருபர் மீதே பாய்ந்த ஆயுத வழக்கு

போலீஸ் குறிப்பைத் தாண்டிப் போனால் என்ன நடக்கும் என்பதற்கும் தமிழ்நாட்டில் முன்னுதாரணம் உண்டு. 2000 ஜூலையில் கன்னட நடிகர் ராஜ்குமாரைச் சந்தனக் கடத்தல்காரர் வீரப்பன் கடத்தியபோது, தமிழ்நாடு விடுதலைப் படையைச் சேர்ந்தவர்களும் அவரோடு காட்டில் இருந்தார்கள். தூதராகப் போனவர் 'நக்கீரன்' ஆசிரியர் கோபால். அதே கோபால் 2003 ஏப்ரலில் பொடா எனும் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் கைது செய்யப்பட்டார். உரிமமில்லாத துப்பாக்கியும், தடை செய்யப்பட்ட அந்த இயக்கத்தின் துண்டறிக்கைகளும் வைத்திருந்தார் என்பது போலீஸ் தரப்பு. அவர் அதை மறுத்தார். மாதக்கணக்கில் சிறையில் இருந்த பிறகே ஜாமீன் கிடைத்தது. பொடா சட்டம் 2004-ல் நீக்கப்பட்டது.

நக்கீரனின் இதழியல் பாணியில் ஒருவருக்கு உடன்பாடு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆயுதக் குழுவைப் பற்றி எழுதுகிறவர் மீதே ஆயுத வழக்கு வரலாம் என்ற அச்சம், அதன் பிறகு எத்தனை நிருபர்களைக் காவல் நிலைய வாசலோடு நிறுத்தியிருக்கும் என்பதே இங்கே முக்கியம்.

அரசின் துப்பாக்கி

2018 மே 22, தூத்துக்குடி. ஸ்டெர்லைட் எதிர்ப்புப் பேரணியின் மீது நடந்த போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். வேன் கூரை மீதேறி, மஞ்சள் பனியனோடு குறிபார்த்த காவலரின் காட்சியைக் கேமராக்கள் பதிவு செய்தன. அடுத்த நாள் தூத்துக்குடி, நெல்லை, குமரி மாவட்டங்களில் இணையம் துண்டிக்கப்பட்டது. தொலைக்காட்சியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்றார் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி. 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட அருணா ஜெகதீசன் ஆணைய அறிக்கை அந்தக் கூற்றை ஏற்கவில்லை. அவருக்கு அவ்வப்போது தகவல் சொல்லப்பட்டது என்றது. துப்பாக்கிச் சூட்டுக்கு நியாயமில்லை என்றும் சொன்னது.

கேமரா அங்கே இருந்ததால் பொய் நிற்கவில்லை. 1987-ன் வட மாவட்டக் கிராமங்களில் கேமரா இல்லை. தூத்துக்குடிக்கும் அந்தக் கிராமங்களுக்கும் உள்ள வேறுபாடு இது ஒன்றுதான். ஆனால் கேமரா பதிவு செய்தது போதுமா? ஆணையம் பெயர் சொன்ன அதிகாரிகள் மீது என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்பதை வாராவாரம் கேட்கும் செய்தி நிறுவனங்கள் எத்தனை? துப்பாக்கிச் சூடு நேரலையில் ஓடியது. நீதி கிடைத்ததா இல்லையா என்பதற்கு நேரலை கிடையாது.

பிற நாடுகள் கற்ற பாடம்

2019 மார்ச் 15-ம் தேதி நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் இரண்டு மசூதிகளில் ஒருவன் சுட்டதில் 51 பேர் இறந்தார்கள். கொலையாளி தன் செயலை ஃபேஸ்புக்கில் நேரலை செய்தான். அவனுடைய பெயரைச் சொல்லப் பிரதமர் ஜெசிந்தா ஆர்டெர்ன் மறுத்தார். ஒரு மாதத்துக்குள் பெரும்பாலான அரைத் தானியங்கித் துப்பாக்கிகளைத் தடை செய்யும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அந்நாட்டின் ஐந்து முக்கியச் செய்தி நிறுவனங்கள் ஒன்றுகூடி, வழக்கு விசாரணையின்போது கொலையாளியின் வெறுப்புக் கொள்கைக்கு மேடை கொடுப்பதில்லை என்று பொது நெறிமுறை வகுத்துக்கொண்டன.

இதற்கு எதிர்மாறான உதாரணமும் உண்டு. 2020 ஜனவரியில் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத் தலைநகர் ரிச்மண்டில், புதிய துப்பாக்கிக் கட்டுப்பாடுகளை எதிர்த்துச் சுமார் 22,000 பேர் திரண்டார்கள். பலர் கையில் துப்பாக்கி. அவசர நிலை அறிவிக்கப்பட்டிருந்தது. ரத்தக்களறியை எதிர்பார்த்து ஊடகங்கள் குவிந்தன. பேரணி அமைதியாக முடிந்தது. அத்தனை செய்தியாளர்கள் கூடியிருந்தும், அந்தச் சட்டங்கள் என்ன சொல்கின்றன, யாருக்குப் பாதுகாப்பு, யாருக்கு இடைஞ்சல் என்ற விளக்கத்தைவிட முகமூடி அணிந்த துப்பாக்கிக்காரர்களின் படங்களே உலகெங்கும் பரவின.

செய்தி திரும்பி வர வேண்டும்

செந்துறை வட்டாரம் முந்திரி விளையும் பூமி. அரியலூரில் சுண்ணாம்புக்கல்லும் சிமென்ட் ஆலைகளும் இருக்கின்றன. பெரம்பலூரின் சின்ன வெங்காயம் தமிழ்நாட்டின் அடுப்பங்கரைகளுக்குப் போகிறது. இந்த ஊர்களைப் பற்றி மாநில அளவில் செய்தி வருவது எப்போது? 2017-ல், நீட் தேர்வால் மருத்துவ இடம் கிடைக்காத குழுமூர் மாணவி அனிதாவின் மரணத்துக்கு வந்தார்கள். 2019-ல் அதே வட்டத்திலுள்ள பொன்பரப்பிக்கு வந்தார்கள். சாவும் கலவரமும் மட்டுமே செய்தி என்று ஒரு பகுதி திரும்பத் திரும்ப உணரும்போது, அங்குள்ள இளைஞர்கள் ஒரு தவறான பாடத்தைக் கற்கிறார்கள்: நம் குறையைச் சென்னை கேட்க வேண்டுமென்றால் ஏதாவது உடைய வேண்டும், எரிய வேண்டும். இதுவே இந்தச் செய்திப் பழக்கத்தின் மிக மோசமான விளைவு.

அடுத்தது அரசியல் விளைவு. சம்பவத்தன்று இரண்டு கட்சிக்காரர்களை உட்கார வைத்து நடத்தும் விவாதம், ஊருக்குள் இருக்கும் பகையை மாநிலம் முழுக்க விரித்துவிடுகிறது. பொன்பரப்பிக் காணொளி ஒவ்வொரு வாட்ஸ்அப் குழுவிலும் வேறு வேறு வசனத்தோடு சுற்றியது. முழு உண்மையைச் சரிபார்த்துச் சொல்லும் பத்திரிகை அந்த இடத்தில் இல்லாதபோது, வதந்திதான் நிருபராகிறது.

மூன்றாவது, நீதி சார்ந்த விளைவு. கவனிப்பு இல்லாத வழக்கு நகராது. சாட்சிகள் தனித்துப் போகிறார்கள். அதே ஊரில், அதே தெருவில் வாழ வேண்டியவர்கள் அவர்கள். பத்திரிகையின் கண் தங்கள் மீது இருக்கிறது என்ற எண்ணமே ஓர் ஏழைச் சாட்சிக்குப் பெரிய பலம்.

■ பெட்டிச் செய்தி: கேமரா போன பிறகு கேட்க வேண்டியவை

வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் (1989) அதன் விதிகளும் (1995) தாமே ஒரு கால அட்டவணையைத் தருகின்றன. ஒவ்வொரு கெடுவும் ஒரு செய்தி.

• விசாரிப்பவர் டி.எஸ்.பி. தகுதிக்குக் குறையாதவரா?

• 60 நாள்களுக்குள் விசாரணை முடிந்து குற்றப்பத்திரிகை தாக்கலானதா?

• முதல் தகவல் அறிக்கை, குற்றப்பத்திரிகை, தீர்ப்பு எனக் கட்டம் கட்டமாகத் தர வேண்டிய நிவாரணம் வந்து சேர்ந்ததா?

• குற்றப்பத்திரிகை தாக்கலான நாளிலிருந்து கூடுமானவரை இரண்டு மாதத்துக்குள் நீதிமன்ற விசாரணையை முடிக்க வேண்டும் என்ற விதி கடைப்பிடிக்கப்படுகிறதா?

• ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடுகிறதா?

• சாட்சிகளுக்குப் பாதுகாப்பு உண்டா?

என்ன செய்யலாம்?

முதலாவது, ஒவ்வொரு செய்தி நிறுவனமும் கலவரச் செய்தி ஒன்றை வெளியிட்டால், அதற்கு மூன்றாம் மாதத்திலும் ஓராண்டு முடிவிலும் தொடர் செய்தி வெளியிடுவதைக் கட்டாயமாக்கிக்கொள்ள வேண்டும். நாள்காட்டியில் குறித்து வைத்தால் போதும். பெரிய செலவு இல்லை.

இரண்டாவது, மாவட்டச் செய்தியாளருக்கு மாதச் சம்பளமும் சட்டப் பாதுகாப்பும் வேண்டும். போலீஸ் குறிப்பைக் கேள்வி கேட்கச் சொல்லிவிட்டு, கேட்டவரைத் தனியே விடுவது நியாயமில்லை.

மூன்றாவது, சரிபார்க்காத காணொளியை ஒளிபரப்பக் கூடாது. எடுத்தது யார், எப்போது, முன்னும் பின்னும் என்ன நடந்தது என்பதைச் சொல்லாமல் துண்டுக் காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டுவது கல்லெறிவதன் தொடர்ச்சி.

நான்காவது, சொற்களில் நேர்மை. தாக்குதலைத் தாக்குதல் என்றும், மோதலை மோதல் என்றும் எழுத வேண்டும். நான்கு வரிக் கைதுச் செய்தியானாலும், கைதானவரின் தரப்புக்கு ஒரு வரி இருக்க வேண்டும்.

துப்பாக்கி வாங்க விரும்புகிறவரிடம் அரசு காரணம் கேட்கிறது, பின்னணியை விசாரிக்கிறது, பயன்பாட்டுக்குக் கணக்குக் கேட்கிறது. செய்திக்கு அப்படி அரசு உரிமம் எதுவும் தேவையில்லை, தேவைப்படவும் கூடாது. 1878 நமக்குக் கற்றுத் தந்தது அதைத்தான். அரசு கணக்குக் கேட்காத அந்தச் சுதந்திரத்தில் இருக்கும் பத்திரிகை, வாசகருக்குக் கணக்குக் கொடுத்தாக வேண்டும். பொன்பரப்பி வழக்குகள் இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கின்றன, உடைந்த வீடுகளுக்கு எவ்வளவு நிவாரணம் போய்ச் சேர்ந்தது என்று உங்கள் வீட்டுக்கு வரும் நாளிதழைக் கேளுங்கள். நீங்கள் பார்க்கும் தொலைக்காட்சியைக் கேளுங்கள். எங்களையும் கேளுங்கள்.